நாற்பது மேசை, மூன்று பரிசு: ஆய்வுப் பணம் யாருக்குப் போகிறது?

சென்ற ஆண்டு ஒரு மாவட்ட அறிவியல் விழாவில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரப் பள்ளிகளிலிருந்து நாற்பது மேசைகள். பரிசுகள் மூன்றே மூன்று. முதல் இரண்டு பரிசுகளில் எங்கள் மூன்று நடுவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாவதில்தான் சிக்கல். ரப்பர் விதையின் ஓட்டைக் கரியாக்கி, அதில் ஆற்று நீரை வடிகட்டிக் காட்டிய ஒரு மாணவி. மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பினால் மணியடிக்கும் கருவி செய்த இரண்டு பையன்கள். அவர்களோடு இன்னும் ஐந்தாறு பேர். என் தாளில் அந்த மாணவிக்கு 78.5, பையன்களுக்கு 78. பக்கத்து நடுவரின் தாளில் நேர் எதிர். கடைசியில் எல்லாத் தாள்களையும் கூட்டி வகுத்தோம். பரிசு பையன்களுக்குப் போனது.

கலைந்து போகும்போது அந்த மாணவி வந்து, “டீச்சர், எனக்கு எதுல குறைஞ்சுச்சு?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எதிலும் குறையவில்லை. எங்கள் மூவரில் ஒருவருக்குப் பதிலாக வேறொரு நடுவர் வந்திருந்தால் அவளே மேடையேறியிருக்கக்கூடும்.

மாணவர்களே, இதே கேள்வியை இன்று உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அவர்கள் இழப்பது ஒரு கோப்பையை அல்ல. மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு ஆய்வு வாழ்க்கையை. ஆகவே நடுவர்களும் விழித்துக்கொண்டு, தங்கள் தேர்வு முறையையே ஆய்வுக்கு உட்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பல்கலைக்கழகம் ஓர் ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஆனால் இரசாயனங்கள், கருவிகள், உதவியாளர் கூலி, காட்டுக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பணம் வரவேண்டும். அதற்கு ஆய்வு மானியம் என்று பெயர். கொடுப்பவர்கள் இரண்டு வகை. ஒன்று அரசாங்கம். மற்றொன்று இலாப நோக்கமில்லாத அறவாரியங்கள்.

இலண்டனில் உள்ள வெல்கம் அறவாரியம், ஹென்றி வெல்கம் என்ற மருந்து உற்பத்தியாளரின் உயிலின்படி 1936இல் தொடங்கியது. இந்தியாவில் 2008இல் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியா அலையன்ஸ் என்ற அமைப்பு உருவானது. அதற்குப் பாதிப் பணம் வெல்கமிடமிருந்தும், பாதி இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையிடமிருந்தும் வந்தது. நம் நாட்டில் 1993இல் அமைந்த மலேசிய தோரே அறிவியல் அறவாரியம் இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு மானியம் கொடுப்பதோடு, இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கும் விருது கொடுக்கிறது. (எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. மனம் தளரவில்லை.)

இவர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே தலைவலி. பணப்பெட்டி அதே அளவில் இருக்கிறது, விண்ணப்பக் கட்டு வளர்ந்துகொண்டே போகிறது. முனைவர் பட்டம் பெறுவோர் எண்ணிக்கை கூடிவிட்டது. வெளி மானியம் கொண்டுவந்தால்தான் பதவி உயர்வு என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. அண்மையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால், ஒரு மாதம் எடுத்த விண்ணப்பத்தின் முதல் வரைவு ஒரே பிற்பகலில் தயார்.

ஐரோப்பிய ஒன்றியம் மேரி கியூரியின் பெயரில் இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. அது அரசாங்கப் பணம்தான் என்றாலும், நெரிசல் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு நல்ல சான்று. 2024இல் வந்த விண்ணப்பங்கள் 10,360. 2025இல் 17,058. ஒரே ஆண்டில் ஏறத்தாழ 65 விழுக்காடு கூடுதல். ஆனால் உதவித்தொகை பெற்றவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஆறு பேரில் ஒருவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காத நிலைக்கு வந்துவிட்டது.

யாருடைய நேரம்?

இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் அறவாரியத்துக்கு 1,000 விண்ணப்பங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மூன்று வல்லுநர்கள் படிக்கவேண்டும். ஒன்றைப் படித்துக் கருத்து எழுத நான்கு மணி நேரம். மொத்தம் 12,000 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் ஒரு மனிதரின் ஆறு ஆண்டு உழைப்பு. படிப்பவர்களும் ஆய்வாளர்களே. பெரும்பாலும் சம்பளமில்லாமல், சொந்த ஆய்வை ஒதுக்கி வைத்துவிட்டுப் படிக்கிறார்கள்.

எழுதுபவர்களின் நேரம் இதைவிட மோசம். ஆஸ்திரேலியாவில் மருத்துவ ஆய்வு மானியத்துக்கு 2012இல் வந்த 3,727 விண்ணப்பங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் குழு கணக்கெடுத்தது. ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரியாக 34 வேலை நாள். எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 550 ஆண்டு மனித உழைப்பு! ஐந்தில் நான்கு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அதாவது, நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்கு உடனடிப் பலன் எதுவும் இல்லை. மலாக்காவில் போர்த்துகீசியர் கால் வைத்த காலத்திலிருந்து ஒரே ஒருவர் விடுப்பில்லாமல் விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அளவுகோல் போதவில்லை

சரி, நேரம் செலவானாலும் தேர்வு சரியாக நடந்தால் போதும் என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தில் படித்த ஒரு பாடம் இதற்கு உதவும்.

மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலால் மேசையின் நீளத்தை அளக்கலாம். அதே கோலால் இரண்டு தலைமுடிகளில் எது தடிமன் என்று சொல்லமுடியுமா? முடியாது. நீங்கள் ஒன்று சொல்வீர்கள், உங்கள் நண்பர் வேறொன்று சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு முடிகளுக்கும் உள்ள வேறுபாடு, கோலின் பிழையைவிடச் சிறியது.

மனித மதிப்பீடும் ஓர் அளவுகோல்தான். அதன் பிழை எவ்வளவு என்று அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அந்நாட்டுத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் ஏற்கெனவே மானியம் வென்ற 25 விண்ணப்பங்களை எடுத்து, 43 மதிப்பீட்டாளர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் கொடுத்த மதிப்பெண்கள், இரண்டு வெவ்வேறு விண்ணப்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பெண்களைவிட அதிகமாக ஒத்துப்போகவில்லை. மீண்டும் ஒருமுறை படியுங்கள். எல்லாமே நல்ல விண்ணப்பங்கள். நல்லதற்கும் நல்லதற்கும் இடையே வரிசை போடச் சொன்னபோது அளவுகோல் கைவிட்டுவிட்டது.

மிக மோசமான விண்ணப்பத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மிகச் சிறந்த ஒன்றிரண்டையும் கண்டுபிடித்துவிடுவார்கள். இடையில்தான் பெரும் கூட்டம் நிற்கிறது. விண்ணப்பங்கள் குறைவாக இருக்கும்போது வெட்டுக்கோடு அந்தக் கூட்டத்துக்குக் கீழே விழும். கூட்டம் பெருகப் பெருக, பணமும் கூடாமல் இருந்தால், கோடு மேலே ஏறி நல்ல விண்ணப்பங்களின் நடுவிலேயே விழுகிறது. அரை மதிப்பெண்ணில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுப் பணம், அடுத்தவருக்கு ஒரு மின்னஞ்சல். அந்த அரை மதிப்பெண்ணுக்கு அறிவியல் அர்த்தம் எதுவும் இல்லை.

சல்லடையும் அணைக்கட்டும்

பழைய வழி, படிப்படியாகச் சலிப்பது. இந்தியா அலையன்ஸ் இப்படித்தான் செய்கிறது. முதலில் ஒரு சுருக்க விண்ணப்பம். அதில் தேறியவர்கள் மட்டும் முழு விண்ணப்பம் எழுதுவார்கள். அது வெளி வல்லுநர்களிடம் போகும். கடைசியில் நேர்முகம். நெல்லைப் புடைத்து, சலித்து, கடைசியில் கையால் கல் பொறுக்குவது போல. முதல் படியில் நிற்பவர் பல வார உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்கிறார். இது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதல் சல்லடையில் விரைவாகப் படிக்கிறார்கள். பழகிய பெயரும் பெரிய பல்கலைக்கழகமும் அப்போது கண்ணை இழுக்கும்.

அப்படியானால் விண்ணப்பத்தையே சிறியதாக்கிப் பெயரையும் மறைத்துவிட்டால்? கேட்ஸ் அறவாரியம் 2008இல் அதைச் செய்து பார்த்தது. இரண்டே பக்கம், முன்சோதனைத் தரவு தேவையில்லை, வென்றால் ஒரு லட்சம் அமெரிக்க டாலர். முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 4,000 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. மானியம் கிடைத்தது 104 பேருக்கு. கதவை அகலமாகத் திறந்தால் கூட்டம் கூடும் என்பதை நம் தைப்பூசக் கூட்டத்தில் நின்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அணை கட்டுபவர்களும் உண்டு. 2025இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம், ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று விதி போட்டது. ஒருவர் ஒரே சுற்றில் நாற்பதுக்கு மேல் அனுப்பியிருந்தாராம். மனிதக் கையால் எழுதியிருக்க முடியாது என்று அவர்கள் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

எனக்கு மிகவும் பிடித்த அணை வேறொன்று. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறவாரியத்தின் புவியறிவியல் பிரிவில் சில திட்டங்களுக்கு இறுதித் தேதியை எடுத்துவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றார்கள். விண்ணப்பங்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன! தேதி நெருங்குகிறது என்ற பதற்றத்தில் அரைகுறையாக எழுதி அனுப்புவோர் நின்றுவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். வீட்டுப்பாடத்துக்கு நான் இதைக் கடைப்பிடிக்கப் போவதில்லை. கேட்கவேண்டாம்.

பக்கத்து நோட்டைத் திருத்து

சோதனைத் தாள்களை நீங்களே மாற்றிக்கொண்டு திருத்தியிருக்கிறீர்கள் அல்லவா? வானியலாளர்கள் அதையே செய்கிறார்கள். சிலி நாட்டுப் பாலைவனத்தில் உள்ள ஆல்மா தொலைநோக்கியைப் பயன்படுத்த நேரம் கேட்டு உலகெங்கிலுமிருந்து விண்ணப்பங்கள் வருகின்றன. 2021 முதல் பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு ஒரு நிபந்தனை: ஒன்று அனுப்பினால் மற்றவர்களின் பத்து விண்ணப்பங்களைப் படித்து வரிசைப்படுத்தவேண்டும்.

இதிலுள்ள கணித அழகைக் கவனியுங்கள். விண்ணப்பங்கள் இரட்டிப்பானால் படிப்பவர்களும் தானாக இரட்டிப்பாகிறார்கள். யாருடைய சுமையும் கூடுவதில்லை. ஜெர்மனியில் ஹனோவர் நகரிலுள்ள வோல்க்ஸ்வேகன் அறவாரியமும் அண்மையில் ஒரு திட்டத்தில் இதை வழக்கமான நடுவர் குழுவோடு பக்கத்தில் வைத்துச் சோதித்தது. (கார் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அது தனித்து இயங்கும் அறவாரியம்.)

போட்டியாளனைக் கீழே தள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். தள்ளலாம். அதனால் விண்ணப்பங்களை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தினர் மறு கூட்டத்தை மட்டும் மதிப்பிடும்படி செய்வது ஒரு தற்காப்பு.

இயந்திரத்திடம் விடலாமா?

விண்ணப்பத்தை இயந்திரம் எழுதினால், படிப்பதையும் இயந்திரத்திடமே விட்டால் என்ன? பார்சிலோனாவின் லா கைஷா அறவாரியம் பாதி வழி போயிருக்கிறது. பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள்கள், தேற வாய்ப்பில்லாதவை எவை என்று சுட்டிக்காட்டுகின்றன. உடனே தூக்கி எறிவதில்லை. மனிதர்கள் பார்த்துச் சரி என்றால்தான் நீக்கம்.

மறுபுறம், 2023இல் வெல்கம், பிரிட்டனின் புற்றுநோய் ஆய்வு அறவாரியம் உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. மதிப்பீட்டாளர்கள் விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் போடக்கூடாது என்று சொன்னன. இரகசியமாக அனுப்பப்பட்ட ஒரு புதிய யோசனை எங்கே போய்ச் சேரும் என்பது தெரியாது.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. இயந்திரம் பழையதைப் பார்த்துக் கற்கிறது. ஒரு நாட்டில் இதுவரை வென்றவர்கள் பெரும்பாலும் தலைநகரப் பல்கலைக்கழகத்தினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சிந்தோக்கிலிருந்தோ செமிலிங்கிலிருந்தோ வரும் விண்ணப்பத்தை அது ‘வழக்கமாகத் தோற்பது’ என்று கற்றுக்கொள்ளக்கூடும். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. தரவு சொல்லித்தந்துவிடும்.

சீட்டுக் குலுக்கல்

கடைசி வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன்.

வோல்க்ஸ்வேகன் அறவாரியம் துணிச்சலான புதிய யோசனைகளுக்கென ஒரு திட்டம் வைத்திருந்தது. விண்ணப்பங்கள் சுருக்கமானவை, பெயர் மறைக்கப்பட்டவை. நடுவர்கள் தங்கள் விருப்பப்படி சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். 2017 முதல், அதோடு நிற்காமல், தரமானவை என்று ஒப்புக்கொண்ட மற்ற விண்ணப்பங்களைக் குலுக்கிப் போட்டு அதிலிருந்தும் சிலருக்கு மானியம் கொடுத்தார்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013 முதலே ஒரு மானியத்தை இப்படிக் கொடுக்கிறது. பிரிட்டிஷ் அகாடமி 2022இல் தன் சிறு மானியங்களுக்கு இதைத் தொடங்கியது.

எல்லோரையும் பெட்டியில் போட்டுக் குலுக்குவதில்லை. அது முக்கியம். தரமில்லாதவற்றை முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள். அளவுகோல் வேலை செய்யும் இடத்தில் அளவுகோல். அது வேலை செய்யாத இடத்தில் மட்டும் சீட்டு. சீட்டுக்கு யாருடைய பெயரும் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தப் பேராசிரியரின் மாணவர் என்பதும் தெரியாது. நியூசிலாந்தில் விண்ணப்பித்தவர்களிடமே கருத்துக் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் 63 விழுக்காட்டினர் இந்த மானியத்துக்கு இது ஏற்புடையது என்றார்கள். பிரிட்டனில், முன்பு அந்த மானியம் கிடைத்திராத நிறுவனங்களிலிருந்தும் ஆட்கள் துணிந்து விண்ணப்பித்தார்கள்.

அதனால் நெரிசல் தீர்ந்ததா? இல்லை. எனக்கும் வாய்ப்புண்டு என்று தெரிந்தால் இன்னும் பலர் வருவார்கள். நியூசிலாந்து ஆய்வாளர்கள், குலுக்கல் என்பதற்காகத் தாங்கள் எழுதும் நேரம் பெரிதாகக் குறையவில்லை என்றும் சொன்னார்கள். உழைப்பை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைப்பதா என்ற மனத்தாங்கலும் இருக்கிறது. எங்கள் பாட்டி தலைமுறை, தோட்டத்தில் குலுக்குச் சீட்டுப் போட்டவர்கள். சீட்டு யாருக்கு விழுந்தாலும் கோபம் வராது, கங்காணி கைகாட்டிக் கொடுத்தால்தான் வரும் என்று பாட்டி சொல்வார். அந்த அளவுக்கு நானும் இப்போது சீட்டின் பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

விண்ணப்பமே இல்லாத ஒரு வழி

தோட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் விண்ணப்பப் போட்டி இல்லாமலே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டப்படி அமைக்கப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பரின்மீது ஒரு சிறு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் கழகத்தை நடத்தினார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டி விடியற்காலையில் வெட்டிய பாலிலும் அதற்கு ஒரு பங்கு இருந்தது.

அந்தக் கழகத்தின் ஆய்வாளர்கள் 1930களின் இறுதியில் இரண்டு ரக மரங்களைக் கையால் மகரந்தம் சேர்த்தார்கள். ஒன்று ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1, மற்றொன்று பி.பி. 86. பிறந்த கன்றுகளை நட்டு, வளர்த்து, ஆண்டுக்கணக்கில் பால் அளந்தார்கள். இடையில் ஜப்பானியர் ஆட்சி வேறு. அந்தக் கலப்பிலிருந்து வந்ததுதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற புகழ்பெற்ற ரகம். கெடாவின் ரப்பர் காடுகளில் மட்டுமல்ல, எல்லைக்கு அப்பால் தென் தாய்லாந்திலும் பரவலாக நட்டார்கள். ரப்பர் மரம் பால் தரவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். மூன்று ஆண்டு மானியத்தில் இதைச் செய்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வழிக்கும் குறை உண்டு. ரப்பருக்குத் தீர்வை இருந்தது, ரப்பர் ஆய்வு நடந்தது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் நோயைப் பற்றி ஆராய ஒருவர் விரும்பியிருந்தால், அவருக்குப் பணம் தர அந்தத் தீர்வையில் இடமில்லை. அவர் யாரிடமாவது விண்ணப்பித்துத்தான் ஆகவேண்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் பத்துப் பேர் எழுதிய ஒரே தலைப்புக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்து 1 முதல் 10 வரை எண்ணிடுங்கள். நான்கு நண்பர்கள் தனித்தனியாக, கலந்து பேசாமல், எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு மதிப்பெண் கொடுக்கட்டும். ஒவ்வொருவரின் முதல் மூன்று கட்டுரைகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். நான்கு பட்டியலிலும் வந்தவை எத்தனை? ஒரே பட்டியலில் மட்டும் வந்தவை எத்தனை? பிறகு ஒரு வாரம் கழித்து, அதே நண்பர்களிடம் அதே கட்டுரைகளின் எண்களை மாற்றிக் கொடுத்து மீண்டும் மதிப்பிடச் சொல்லுங்கள். முதல் வாரம் தாம் போட்ட மதிப்பெண்ணையே அவர்கள் மறுபடியும் போடுகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான் என் படிவம் நான்கு மாணவர்களோடு இதைத் தொடங்கியிருக்கிறேன். ரப்பர் விதைக் கரி செய்த அந்த மாணவியின் பள்ளிக்கும் தாள்களை அனுப்பியிருக்கிறேன். மதிப்பெண் போடும் நால்வரில் அவளும் ஒருத்தி.